முப்பத்தெட்டு, இடது, கொஞ்சம் அகலம்

உங்களில் மூன்று பேர் சீன மொழி கற்றுக்கொள்கிறீர்கள், ஒருத்தி வியட்நாம் மொழி என்று கேள்விப்பட்டேன். நல்லது. நான் இந்த வேலைக்கு வந்தபோது ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு உலகம் என்றால் இத்தாலி. இப்போது காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது. அங்கிருந்து மெஷின் வருகிறது, மெஷினோடு ஆள் வருகிறார், ஆளோடு ஒரு மொழி வந்து இறங்குகிறது. அந்த மொழிக்கும் நம் லைனில் குனிந்து தைக்கிற பெண்களுக்கும் நடுவே நிற்கத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள். நடுவே நிற்பதைப் பற்றி மட்டும்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. இலக்கணத்தை உங்கள் ஃபோன் பார்த்துக்கொள்ளும்.

இங்கிலீஷ் எனக்குப் பதினேழு வயதில் வந்தது, வேலூர் காலேஜுக்குப் போகிற பஸ்ஸில், அரைத் தூக்கத்தில் தலையாட்டிக்கொண்டே மனப்பாடம் செய்ததில். அந்த வயதில் மொழி வியர்வை மாதிரி, தன்னால் சுரக்கும். இருபத்துமூன்றில் இத்தாலியன். அது கை வழியாக வந்தது. தோலைத் தொட்டுத் தொட்டு, ஊசியைக் காட்டிக் காட்டி. முப்பத்தேழில் ஜெர்மன். பயத்தில் கற்றது, அதனால் இன்றும் அதைப் பேசும்போது முதுகு நிமிர்ந்துவிடும். ஐம்பதில் ஜப்பானியம் முயன்றேன். அது கடைசிவரை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனது.

ஐம்பத்தைந்தில், வேலையை விட்ட பிறகு, ஒரு மொழியை இரண்டாவது முறை கற்றேன். முப்பது வருஷமாகத் தெரியும் என்று நினைத்திருந்த மொழி. தாமதமாகக் கற்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நானும் இன்னொரு இன்டர்பிரிட்டரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். எனக்கு இருபத்துமூன்று, அவருக்கு இருபத்தைந்து. வீட்டில் உருது, தெருவில் தமிழ், காலேஜில் இங்கிலீஷ் என்று வளர்ந்த ஆம்பூர்க்காரர். கம்பெனி முழுக்க அவரை பாய் என்றது, நானும் பாய் என்றேன். இருவருக்கும் இத்தாலியன் சொல்லிக்கொடுத்தது ஒரே இத்தாலிய டெக்னீஷியன். அவர் மூன்று மாதம் இருப்பார், போவார், அடுத்த சீசனுக்கு வருவார். நாங்கள் அவர் வாயைப் பார்த்தபடியே சாப்பிட்டோம்.

என் முதல் தப்பு அந்த வருஷமே நடந்தது. ஸ்டிச்சிங் லைனில் ஒரு ஷூவின் மேல்பாகத்தைத் தூக்கிப் பிடித்து அந்த இத்தாலியர் கத்தினார். ஃபியோரே கெட்டுவிட்டது, எடுத்துவிடுங்கள் என்றார். ஃபியோரே என்றால் பூ. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் லைனைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: பூ கெட்டுப்போச்சாம், எல்லாரும் எடுத்துடுங்க.

நாற்பது பெண்கள் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

புது ரூல் போல என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. இரண்டே நிமிஷத்தில் மெஷின்களுக்குப் பக்கத்தில் மல்லிகைச் சரங்கள் குவிந்தன. போன வாரம்தான் கல்யாணம் ஆகியிருந்த ஒருத்தி, சரத்தை மெதுவாக உருவி, கைக்குட்டையில் சுற்றி, என்னைப் பார்த்தாள். இத்தாலியர் வாயைப் பிளந்து நின்றார். அவர்கள் மொழியில் தோலின் மேல்பக்கத்துக்கு, மயிர் இருந்த அந்த வழுவழுப்பான முகத்துக்கு, பூ என்று பேர். கெட்டிருந்தது அது. பாய் ஓடிவந்து விஷயத்தைச் சொல்வதற்குள் கெட்ட தோல் பாதி தைத்து முடிந்திருந்தது. நல்ல பூ எல்லாம் தரையில் கிடந்தது.

பாய் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அடுத்த நாள் டீ குடிக்கும்போதுதான் சிரித்தார், டீ மூக்கில் ஏறும் அளவுக்கு.

அந்தத் தப்பிலிருந்து நான் ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். சொல்லைத் தூக்கிவராதே, சொல்லுக்குப் பின்னால் இருப்பதைத் தூக்கிவா. சரியான பாடம் மாதிரிதான் இருக்கிறது, இல்லையா?

ஜெர்மன் கற்ற புதிதில் அந்தப் பாடம் இன்னும் கெட்டிப்பட்டது. ஒரு ஜெர்மன் அம்மா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். எல்லா ஜோடியிலும் உள்துணியை மாற்ற முடியுமா என்று கேட்டார். எங்கள் மேனேஜர் முகம் முழுக்கச் சிரிப்போடு, பாக்கலாம்மா என்றார். நான் அப்படியே, பார்க்கலாம் என்று ஜெர்மனில் சொன்னேன். அந்த அம்மா டைரியில் குறித்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேட்டில் வந்து நின்றார், பார்ப்பதற்கு. மேனேஜருக்கு வந்த கோபத்தை நீங்கள் யாரும் பார்க்க வேண்டாம். நம் ஊரில் பாக்கலாம் என்றால் முடியாது என்று ஒரு பச்சைக் குழந்தைக்குத் தெரியாதா என்று கேட்டார்.

பாயிடம் போய் அழுதேன். அவர் நிதானமாகச் சொன்னது இது: “அவரு சொன்னதை அப்படியே சொல்லு. அப்புறம் நிறுத்து. அப்புறம் உன் குரல்ல, இது என் பேச்சுன்னு சொல்லிட்டு, எங்க ஊர்ல இதுக்கு இன்னா அர்த்தம்னு தனியா சொல்லு. ரெண்டையும் ஒரே டம்ளர்ல ஊத்தாத.”

நான் கேட்கவில்லை. ஒரே டம்ளரில் ஊற்றுவது வேகமாக இருந்தது. அதன்பின் மேனேஜர் பாக்கலாம் என்றால் முடியாது என்று சொன்னேன். வெளிநாட்டுக்காரர் திட்டினால் வருத்தப்படுகிறார் என்று சொன்னேன். நான் உட்கார்ந்த மீட்டிங்கில் சண்டை வராது என்று பேர் கிடைத்தது. பாய் உட்கார்ந்த மீட்டிங்கில் மேஜையைத் தட்டுவார்கள், எழுந்து போவார்கள், திரும்பி வருவார்கள். அவர் திட்டைத் திட்டாகவே கொண்டுபோய்க் கொடுத்தார். பதினேழு வருஷம் டீக்கடையில் இதே வாக்குவாதம்தான். “நீ இன்டர்பிரிட்டர் இல்ல வசந்தி, பஞ்சாயத்து,” என்பார். நான் அதைப் பட்டம் மாதிரி சூடிக்கொண்டு திரிந்தேன்.

ஐம்பத்துநாலில் வேலையை விட்டேன். பாய் தொடர்ந்தார். போன வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கம்பெனிக்குள்ளேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். வலது கை போனது, வாய் ஒரு பக்கம் இழுத்தது. பேச்சும் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் அவர் ஏதோ பேசினார். உருது இல்லை. தமிழும் இல்லை. அவர் மனைவி, நான் பாபி என்று கூப்பிடுகிறவர், முதலில் அது வெறும் சத்தம் என்று நினைத்தாராம். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்ததும்தான் சந்தேகம் வந்தது.

துபாயிலிருந்து வந்திருந்த மகன் ஃபோனை அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான். ஃபோன் யோசித்துவிட்டு, இத்தாலியன் என்றது. ட்ரேனோ, ஓட்டோ. ரயில், எட்டு. எங்கேயோ போக ஆசைப்படுகிறார் என்று நினைத்து, எட்டு மணிக்கு ஆம்பூரில் என்ன ரயில் நிற்கிறது என்று அந்தப் பிள்ளை தேடிக்கொண்டிருந்தான்.

டாக்டரைக் கேட்டார்கள். இப்படி நடப்பது உண்டு, பிறந்த பாஷை போய் நடுவில் கற்ற பாஷை நின்றுவிடும், ஏன் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது என்றாராம். மற்றவர் பேசுவது அவருக்குப் புரியும், பதில்தான் வேறு கதவு வழியாக வரும்.

அதனால்தான் பாபி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

ஆற்காட்டிலிருந்து அக்கா கொண்டுவந்திருந்த மக்கன் பேடா இனிப்பை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மசூதிக்குப் பின்சந்தில் வீடு. பாபி என்னை நேராக அவரிடம் கூட்டிப்போகவில்லை. சமையலறையில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் விழுந்த அன்று காலையில் வீட்டில் சண்டை. சின்ன விஷயம்தான், சொன்னால் நீ சிரிப்பாய் என்றார். சண்டையின் முடிவில் தான் சொன்ன வார்த்தையை மட்டும், தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சொன்னார்.

“ஊரு ஊரா பேசறீங்க, வீட்ல பேச மட்டும் வாய் வர்ல. இனிமே என்கிட்ட பேசவே வேணாம்னு சொல்லிட்டேன் வசந்தி. பேசாம போய்ட்டாரு. பத்து மணிக்கு ஃபோன் வருது.”

தான் சொன்ன சொல்தான் அவர் பேச்சை எடுத்துக்கொண்டது என்று அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்தார். பாபிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பாய் இன்னும் கோபமாக இருக்கிறாரா? அதைக் கேட்டுச் சொல்ல ஆம்பூரில் அவருக்குத் தெரிந்து நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஜன்னலோரக் கட்டிலில் பாய் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண் பளிச்சென்றது. பேச ஆள் கிடைத்த கண். பாபி உருதுவில் அவரிடம் கேட்டுவிட்டு, துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றியபடி என்னைப் பார்த்தார். பாய் என்னையே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, பாரம் தூக்கிவைப்பது போலச் சொன்னார்.

“ட்ரென்டோட்டோ. சினிஸ்ட்ரா. உன் போ லார்கா.”

ரயில் இல்லை. முப்பத்தெட்டு. இடது. கொஞ்சம் அகலம். ஷூ சைஸ்.

அவர் மண்டை உடைந்த மேஜை டிராயர் மாதிரி, இழுத்தால் பழைய ஆர்டர் காகிதங்களாகக் கொட்டுகிறதே என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவள், என் மேல் கோபமா என்று கேட்கிறாள். அந்த முகத்தில் போய் ஒரு ஷூ சைஸை எப்படி வைப்பது?

பாபி கேட்டார்: “இன்னா சொல்றாரு?”

“கோபமெல்லாம் ஒண்ணும் இல்லியாம் பாபி. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு.”

பாபி அழுதுகொண்டே டீ போட உள்ளே போனார். பாய் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

ஆறு ஞாயிறு இப்படிப் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் பேசுவார், தொழிற்சாலைப் பேச்சுதான். நான் அதை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு, வெளியே வேறு எடுத்துக் கொடுப்பேன். உடம்பைப் பார்த்துக்கச் சொல்றாரு. பையனை நினைச்சு பேஜார் ஆகாதேன்னு சொல்றாரு. உங்க கை பட்டா நல்லா இருக்குதாம். சொல்லச் சொல்ல எனக்குச் சரளமாக வந்தது. என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு அழகாக மொழிபெயர்த்ததில்லை. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, பாய் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார்.

“தா ரிஃபாரே, வசந்தி. தா ரிஃபாரே.”

தா ரிஃபாரே என்றால் திரும்பச் செய் என்று அர்த்தம். இன்ஸ்பெக்‌ஷனில் தேறாத ஜோடியின் மேல் இந்தச் சீட்டைத்தான் ஒட்டி அனுப்புவோம். பாவம், இன்னும் லைனிலேயே நிற்கிறார் என்று அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

அவருக்குத் தமிழ் புரியும் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது என் மண்டையில் ஏறவில்லை. நான் பாபியிடம் தமிழில் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். பதினேழு வருஷம் எதற்காக என்னோடு சண்டை போட்டாரோ, அதையே நான் அவர் வாயை வைத்துச் செய்துகொண்டிருந்தேன். அவரால் என்னை நிறுத்த முடியவில்லை. நிறுத்தச் சொன்ன ஒரே சொல்லையும் நான் ஷூவுக்கு ஒட்டிவிட்டேன்.

நிறுத்தியது பாபி. ஏழாவது ஞாயிறு. உங்களைத் தனியா விட்டுட்டேன்னு வருத்தப்படறாரு என்று நான் சொல்லி முடித்தேன். பாபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“வசந்தி, முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள் இவரு என்னை சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. சோறு வெச்சா சாப்பிடுவாரு, உப்பு கம்மின்னா கம்மிம்பாரு. நீ வாரா வாரம் கூட்டிட்டு வர்ற ஆளு ரொம்ப நல்லவரு. ஆனா அவரை எனக்குத் தெரியாது.”

பாபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என் வூட்டுக்காரரு சொல்றதைச் சொல்லு. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்.”

பாயைப் பார்த்தேன். டீக்கடையில் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். முதல் வாரத்திலிருந்தே முப்பத்தெட்டு, இடது, கொஞ்சம் அகலம் என்றுதான் சொல்கிறார் பாபி, அது ஷூ சைஸ், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

பாபி குனிந்து தன் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை வருஷம் வந்துபோன வீட்டில் அவர் காலை நான் பார்த்ததே இல்லை. இடது பாதத்தில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் எலும்பு புடைத்துக்கொண்டிருந்தது.

“அது என் காலு,” என்றார்.

அந்தச் சண்டையே அதற்குத்தான். தங்கச்சி மகள் நிக்காஹ் வருகிறது. எந்தச் செருப்பும் இடது காலில் ஏறவில்லை, சாம்பிள் ரூமில் கொடுத்து ஒரு ஜோடியை அகலப்படுத்தி எடுத்துவாருங்கள் என்று மாசக்கணக்கில் கேட்டிருக்கிறார். கேட்டபோதெல்லாம் பாய் உருதுவில் ஒரே வார்த்தை. கல். நாளைக்கு. அந்தக் காலையிலும் கல் என்றிருக்கிறார். ஊருக்கெல்லாம் ஷூ பண்றீங்க, என் காலுக்கு ஒண்ணு வர்ல என்று தொடங்கித்தான் அந்த வார்த்தை வந்து விழுந்திருக்கிறது.

ஆக, பாபி கேட்ட கேள்விக்கு அவர் முதல் நாளே பதில் சொல்லியிருக்கிறார். ஏழு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கதவை மூடிக்கொண்டு நின்றவள் நான்.

பாபி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். முதல் நாள் கேட்டதையே திரும்ப உருதுவில் கேட்டார், அவர் கண்ணைப் பார்த்து. என் மேல் கோபமா? பாய் நேரம் எடுத்துக்கொண்டார். இடது கையால் பாபியின் கையை எடுத்து, அதன் மேல்பக்கத்தில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார்.

“நோன் ஏ உன் திஃபெத்தோ. ஏ லா பெல்லே.”

நான் சொன்னேன்: “குறை இல்ல. அது தோல்.”

நிறுத்தினேன். நாக்கு துடித்தது. எத்தனை அழகான வாக்கியங்கள் வந்து வரிசையில் நின்றன தெரியுமா? எல்லாவற்றையும் விழுங்கினேன். பிறகு சொன்னேன்: “இது என் பேச்சு பாபி, அவருது இல்ல. மாடு உயிரோட இருக்கிறப்ப முள்ளு கீறும், உண்ணி கடிக்கும். அந்தத் தழும்பு தோல்ல நின்னுடும். வெளிநாட்டுக்காரங்க அதைக் காட்டி ரிஜெக்டும்பாங்க. அப்ப நாங்க இதைத்தான் சொல்லுவோம். இது குறை இல்ல, வாழ்ந்த தோல் இப்படித்தான் இருக்கும்னு. அவங்க பாஷையிலயும் நம்ம தமிழ் மாதிரியே மாட்டுத் தோலுக்கும் மனுஷத் தோலுக்கும் ஒரே சொல்லு.”

பாபி கையை அவரிடமே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனேன். சாம்பிள் ரூமில் தோலை இழுத்து அகலப்படுத்துகிற கட்டையில் ஒரு இடது கால் ஷூ மாட்டியிருந்தது. கருப்பு, குதி இல்லாதது. ஜோடி பக்கத்தில் இருந்தது. உள்ளே வெள்ளிப் பேனாவில் பாயின் எழுத்து, 38. சாம்பிள் ரூம் ஆள் சொன்னார்: “பாய் அன்னிக்கு வந்ததும் மொத வேலையா இதைத்தான் மாட்னாரு மேடம். மாட்டிட்டு வெளிய போனவருதான். அவரே வந்து எடுப்பாருன்னு நாங்க யாரும் கை வெக்கல.”

பத்து வாரத்துக்கு மேல் கட்டையிலேயே இருந்திருக்கிறது. தோல் அந்த எலும்பின் வடிவத்தை முழுசாக வாங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த ஜோடியை எடுத்துக்கொண்டு போனபோது வீடு பூட்டியிருந்தது. முந்தின நாள் மாலையே இரண்டாவது பக்கவாதம், மறுபடி வேலூர். இந்தத் தடவை இத்தாலியனும் போய்விட்டது.

பாயை வீட்டுக்குக் கொண்டுவந்தபின் பாபி அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் ஜன்னலிலிருந்து கதவுவரை நடந்தார். திரும்பக் கதவிலிருந்து ஜன்னல்வரை. சரியாக இருக்குது, இடிக்கவே இல்ல என்று உருதுவில் சொன்னார். பாயின் கண் அவர் காலின் மேல் இருந்தது. பார்த்தாரா, புரிந்ததா என்று பாபி என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை நான் மொழிபெயர்த்திருக்க மாட்டேன்.

ஐப்பசி மழையில் பாய் போய்ச் சேர்ந்தார்.

கணவர் போனபின் வீட்டோடு இருக்கிற இத்தா மாதங்களில் பாபி என்னிடம் ஒன்று கேட்டார். திட்டவில்லை, இதைத்தான் கேட்டார். அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமை இவர் நிஜமாகச் சொன்னதெல்லாம் என்ன? எனக்கு அவர் பாஷையிலேயே வேணும்.

நான் யோசித்தேன். ஆறு ஞாயிறு, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். நான் சொன்ன பொய் ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் நினைவில் இருந்தது. அவர் சொன்னதுதான் இல்லை. குப்பை என்று நினைத்ததை யார் எடுத்து வைத்துக்கொள்வார்கள்? முட்டி மோதிப் பதினோரு சொல் தேறியது. பாபி அதை ஒரு நோட்டில் உருது எழுத்தில் எழுதிக்கொண்டார். தினமும் சொல்லிப் பார்க்கிறார். என் உச்சரிப்பையே திருத்துகிறார், இவர் இப்படிச் சொல்ல மாட்டாரு என்று. அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. பதினோரு சொல்லில் ஒரு மொழியை முழுசாக வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

நான்கு மொழி படித்த என்னைப் பார்த்து நீங்கள் கற்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் முன்னால் ஒருவர் பேசுவார். அது அர்த்தமில்லாததாக, அசிங்கமானதாக, அந்த இடத்துக்குப் பொருந்தாததாக உங்களுக்குத் தோன்றும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் மேல் இரக்கம் வரும். அந்த இரக்கத்தைத்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். எதிரில் இருப்பவருக்கு அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அப்புறம் வேண்டுமானால், இது என் பேச்சு என்று தனியாகச் சொல்லுங்கள்.

சில நேரம் எனக்கு ஒரு சொல் திரும்ப வருகிறது. பஸ்ஸில், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, துணி காயப்போடும்போது. வந்ததும் ஃபோன் போட்டுவிடுவேன், மறுபடி தொலைவதற்குள். போன வாரம் ஒன்று வந்தது, பன்னிரண்டாவது. இரண்டாவது ஞாயிறு என்று நினைக்கிறேன், நான் கிளம்பும்போது பாபியைப் பார்த்துச் சொன்னது.

“தொமானி,” என்றேன் ஃபோனில்.

பாபி இரண்டு தரம் வாயில் வைத்துப் பார்த்தார். நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அர்த்தம் கேட்டார்.

“நாளைக்கு.”

அந்தப் பக்கம் பாபி சிரித்தார். பாய் போனபின் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. மாறி அடங்கும்வரை ஃபோனைப் பிடித்தபடி இருந்தேன்.

“எங்க பாஷையில கல்னா நாளைக்கும்தான், நேத்தும்தான் வசந்தி. ரெண்டுக்கும் ஒரே சொல்லு. இதுவும் அப்படியா?”

நாக்கு துடித்தது. ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

“இல்ல பாபி,” என்றேன். “இது நாளைக்கு மட்டும்தான்.”